சிரட்டையில் ஒரு கைப்பிடி கம்பு
(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பறவைகளுக்குத் தீனித் தட்டு செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செய்வது எளிது. ஒரு சிரட்டை, மூன்று துளை, மூன்று கயிறு, ஒரு கைப்பிடி கம்பு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துளை போடுவது மட்டும் நம் வேலை, பிள்ளைகள் கையில் ஆணியும் சுத்தியலும் வேண்டாம். இதைச் சொல்ல ஒரு கூட்டம் தேவையில்லை. ஆனால் இதே வேலையைச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வகுப்பறையில் செய்யும்போது சில விஷயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது. அவற்றைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கைவேலை என்றாலே ஆளுக்கு ஒன்று, நாற்பது பேருக்கு நாற்பது, வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது என்று நமக்கு ஒரு பழக்கம். நம் ஊரில் ஒட்டுவதும் உருட்டுவதும் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. தீப்பெட்டி ஒட்டுவதும் காகிதக் குழாய் உருட்டுவதும் பிள்ளைகளின் கூலி வேலையாக இருந்தன. விடியுமுன் ஆபீஸ் வண்டியில் ஏறிப்போன சிறுமிகள் இன்று நம் மாணவர்களின் ஆச்சிகள். தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்து, சிவகாசியை வைத்துத் தொடங்கிய வழக்கில், சட்டத்தை மீறிய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த வரலாறு நம் பிள்ளைகளின் விரல்களில் இன்னும் இருக்கிறது. என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, பசை தடவிய தாளை ஒரே இழுப்பில் குழாயாக உருட்டிக் காட்டினாள். "எங்க ஆச்சி சொல்லிக் குடுத்துச்சு டீச்சர்" என்றாள். அப்படியொரு கை கிடைத்தால் அடுத்த பத்தையும் அதனிடமே கொடுத்துவிடத் தோன்றும். நான் அவளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, தட்டுக்கு முதலில் எந்தப் பறவை வருகிறது என்று பார்த்து எழுதச் சொன்னேன். நான்கு நாள் அவளுக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் வந்தது அணில். அதையும் எழுதினாள்.

ஆகவே ஒரு வகுப்புக்கு நான்கு தட்டு போதும். குழுவாகச் செய்யட்டும். செய்வதற்கு அரை மணி, பார்ப்பதற்கு ஒரு பருவம் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொருள். வீட்டில் கிடப்பதைக் கொண்டுவா என்று சொன்னால் நம் பிள்ளைகள் என்ன கொண்டுவருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குழாய், திரி, சணல், அட்டை. வேண்டாம். மருந்து பட்ட குழாய் எது, படாதது எது என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது. அலுமினியத் தூளும் கந்தகமும் உப்பும் ஒட்டிய பொருள் பிள்ளையின் கைக்கும் ஆகாது, குருவியின் அலகுக்கும் ஆகாது. சிரட்டை, அகல், பனை ஓலை, இவற்றில் நின்றுகொள்ளுங்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் பைன் காயில் வேர்க்கடலை வெண்ணெயோ கொழுப்போ தடவி, அதில் விதை ஒட்டித் தொங்கவிடச் சொல்லியிருக்கும். அது குளிர் நாட்டு வழி. நம் சித்திரை வெயிலில் உருகி இறகில் ஒட்டும், மிச்சத்துக்கு எறும்பு வரும்.

தீனிக்கு நம் மானாவாரி நிலத்தில் விளையும் கம்பு, சோளம், குதிரைவாலியே போதும். சத்துணவு அரிசியைத் தொடாதீர்கள், அது கணக்குள்ள அரிசி! குழம்பு கலந்த மிச்சச் சோறும் வேண்டாம். முன்பு திண்ணையில் நெற்கதிர்க் கொத்தைக் கட்டித் தொங்கவிட்ட வீடுகள் இருந்தன. கம்பங்கதிர் கிடைத்தால் அப்படியே தலைகீழாகக் கட்டிவிடுங்கள், தட்டே தேவைப்படாது. தட்டுப் பக்கத்தில் தண்ணீர் அவசியம். நம் வெயிலுக்கு, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் தானியத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை வையுங்கள் என்பேன்.

மாலைக்குள் தீரும் அளவே போட வேண்டும். நனைந்த தானியம் பூசணம் பிடிக்கும். தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். இது வெறும் சுத்தப் பேச்சில்லை. பிரிட்டனில் தோட்டந்தோறும் தீனித் தட்டு உண்டு. அங்கே 2005இல் ஒரு தொண்டை நோய் தொற்றி, பச்சைப் பிஞ்ச் என்ற குருவியினம் சில ஆண்டுகளிலேயே பெருமளவு அழிந்தது. பல பறவைகள் ஒரே தட்டில் கூடித் தின்பது அந்த நோய் பரவ ஏதுவானது. அன்பாக வைத்த தட்டுதான்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சியைத்தான் ஊட்டும். நம் தட்டு மட்டும் ஒரு குஞ்சை வளர்த்துவிடாது. பள்ளி வேலியோரம் கொஞ்சம் புதரும் செடியும் விட்டுவைப்பது தட்டைவிடப் பெரிய உதவி. ஆனால் தட்டைப் பூனை பதுங்கும் புதரை ஒட்டிக் கட்டிவிடாதீர்கள்.

பார்ப்பதில் என்ன பாடம் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணலாம். உயர்நிலை வகுப்பில் சராசரி, வரைபடம், அலகின் வடிவம் எல்லாம் வரும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணிப் பதிவு செய்தால் போதும். என் வகுப்பில் ஒரு பையன், "இந்தக் குருவிக்குத் தாடி இருக்கு, அதுக்கு இல்ல" என்றான். ஆண் குருவியின் தொண்டையில் உள்ள கறுப்பை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதே பையன்தான் ஐப்பசியில் இன்னொரு கேள்வி கேட்டான். "வெடி போட்டா குருவி செத்துருமா டீச்சர்?" அவன் அப்பா மருந்து அறையில் வேலை பார்க்கிறவர். வகுப்பு என்னையே பார்த்தது.

வேறு மாவட்டத்தில் இதற்குப் பதில் சுலபம். பட்டாசு வெடிக்க மாட்டோம் என்று எல்லோரையும் கை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொல்லலாம். இங்கே அந்தக் கை அப்பாவின் கூலிக்கு எதிராக நீள்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை அங்கே நிறுத்த நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். வெடிச் சத்தம் என்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தீபாவளி மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றும் பகலில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்புகிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதற்காக உண்மையை மறைக்கவும் கூடாது. இரவில் தூங்கும் பறவை திடீர்ச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து இருட்டில் பறக்கும் என்று சொன்னேன். நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவில் வாணம் விட்டதும் ஆயிரக்கணக்கான பறவைகள் எழும்பியது வானிலை ராடாரிலேயே தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்ட வரும் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பதையும் சொன்னேன். 2018 முதல் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், இரவு ஏழு முதல் எட்டு வரை என்று நேரம் வகுத்திருப்பதையும் சொன்னேன். என்ன செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "அப்போ குருவி தூங்குற மரத்துக்குத் தள்ளிப் போய்ப் போடணும்." எந்த மரத்தில் தூங்குகின்றன என்று அன்று மாலையே நான்கு பேர் பார்க்கப் போனார்கள். மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் புங்க மரமாம்.

கடைசியாக, கோடை விடுமுறை. மார்ச் 20 சிட்டுக்குருவி நாளில் தட்டைக் கட்டிப் படம் எடுத்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பள்ளியைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். ஆடி ஆவணியிலேயே தொடங்குங்கள். விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தானியத்தைக் குறைத்து நிறுத்திவிடலாம். தண்ணீர்ச் சட்டியை மட்டும் பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள். எங்கள் பள்ளியில் சமையலர் அக்கா எடுத்துக்கொண்டார்.

முன்மேசையில் பனை ஓலை வைத்திருக்கிறேன். பதநீர் குடிக்கப் பட்டை மடிப்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அதே மடிப்புதான், கொஞ்சம் ஆழம் குறைவாக, இரண்டு முனையிலும் கயிறு. நான்கு பேருக்கு ஓர் ஓலை எடுத்துக்கொள்ளுங்கள், மடித்துப் பார்ப்போம்.