துள்ளிக் குதித்த பச்சை டிக்

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா பேசு, ஆனா தூக்கம் வராம பேசு" என்பது செயலாளரின் உத்தரவு. ஆகவே ஒரே ஒரு பச்சை டிக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்கு அறிவிப்புகளை வடிவமைத்தவன் நான். பணம் போனதும் பச்சை டிக் துள்ளிக் குதிக்கும், வண்ணத்தாள் தூவும், மூன்று விநாடியில் மறைந்துவிடும். எனக்கு ஒரே பெருமை!

ஒருநாள், பார்வை குறைந்துவிட்ட நம் வகுப்புத் தோழன் போன் செய்தான். "டேய், பணம் போச்சா இல்லையான்னு உன் ஆப் வாயே திறக்க மாட்டேங்குது. மளிகைக்கடைக்கு ரெண்டு தடவை கட்டிட்டேன்டா!"

அவன் போனில் திரையை வாசித்துச் சொல்லும் 'டாக்பேக்' உண்டு. நான் வைத்ததோ வெறும் படம்; வாசிக்க ஓர் எழுத்துகூட இல்லை. இத்தகைய செய்திகள் தாமாகவே வாசிக்கப்பட வேண்டும் என்று 2018-இல் வெளியான இணைய அணுகல் நெறிமுறை 2.1 சொல்கிறது. நான் அதைப் புரட்டியதே இல்லை.

அதன்பிறகுதான் படித்தேன். அசைவு சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். பளிச்சிடும் ஒளி சிலருக்கு வலிப்பையே தரும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போகிமான்' தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்பது நெறி.

செய்த மாற்றம் பெரிதல்ல. 'ரூ.450 போய்ச் சேர்ந்தது' என்று எழுத்தில் வரும், குரலிலும் கேட்கும், நாமே மூடும்வரை மறையாது. போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு டிக் சும்மா நிற்கும். விரும்புகிறவர்களுக்குத் துள்ளல் அப்படியே இருக்கிறது. மொத்தம் இரண்டு நாள் வேலை!

செயலி எழுதும் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் செயலியை ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை தொட்டால் வாசிக்கும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிடும்.

மஞ்சள்காமாலையில் நான் படுத்திருந்த மாதம் முழுக்க எனக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தவன் அந்தத் தோழன். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு வரி எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.