ஊரும் ஏறும்

(கோட்டுச்சேரியில் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஓர் அடியாரால் பெயர் பெறும் ஊர் உண்டு. ஒரு விளையாட்டால் பெயர் பெறும் ஊரும் உண்டு. அண்மையிலுள்ள காரைக்கால் முதல் வகை. புனிதவதி என்னும் இயற்பெயர் பின்னே நிற்க, ஊர்ப்பெயரே அம்மையாரின் பெயராயிற்று. அந்த உறவை ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா புதுப்பிக்கிறது. மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர் இரண்டாம் வகை. அப்பெயரைக் கேட்ட அளவில் அதன் வயல்கள் நினைவில் எழுவதில்லை, வாடிவாசலே எழுகிறது.

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது சல்லிக்கட்டின் முறை. கோயில் காளை முதலில் வெளிவரும். அதனை எவரும் பிடிப்பதில்லை. அடுத்து வரும் காளைகளின் திமிலைத் தழுவலாம். கொம்பையோ வாலையோ பற்றுதல் ஆகாது. வீரத்திற்கு முன்னே வணக்கமும் வீரத்திற்குள்ளே வரம்பும் வைத்த விளையாட்டு இது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் எழுந்த குரல் சென்னைக் கடற்கரை வரை பரவி, தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. பிப்ரவரி 10 அன்று அவ்வூர் வாடிவாசல் மீண்டும் திறந்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜனவரி 24 அன்று அருகிலுள்ள கீழக்கரையில் தனி அரங்கமும் திறக்கப்பெற்றது.

ஊர் தன் விளையாட்டை மீட்டுக்கொண்டது. ஆயினும் அப்புகழின் விலையைத் தருவோர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. களத்தில் இறங்கியவரும், வேடிக்கை பார்க்க வந்தவரும், காளைகளும் காயமுறுவதுண்டு, உயிரிழப்பும் நேர்கிறது. நீதிமன்றத்தில் ஒரு சாரார் பண்பாடு என்றனர். மறு சாரார் வதை என்றனர்.

இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கண் தமிழிலக்கியத்திற்கு முன்பே இருந்தது. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவும் ஆயரைப் போற்றுகிறது. கொம்பு பட்டுக் குடல் சரிய வீழ்ந்தவரை அது மறைக்கவுமில்லை. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் வெளிவந்தது. தந்தையின் உயிரைக் குடித்த காரியைப் பிச்சி அடக்குகிறான். கதை அவ்வெற்றியோடு நின்றுவிடவில்லை. அடக்கப்பட்ட காளையை அதன் உடைமையாளரான ஜமீன்தாரே சுட்டு வீழ்த்துகிறார். மனிதரின் மானத்துக்கு ஒரு வாயில்லாச் சீவன் பலியாவதை அந்தச் சிறு நூல் சலனமின்றிக் காட்டுகிறது.

இன்று தைப்பொங்கல் தோறும் எழுதப்பெறும் கவிதைகள் பலவற்றில் திமிலும் தினவெடுத்த தோளும் உண்டு. காளை பிடிபட்ட வீட்டின் அன்றைய இரவு இல்லை. ஆண்டு முழுவதும் பருத்திக்கொட்டை ஆட்டி ஊட்டி, நீச்சல் பழக்கி, மண்குத்தப் பழக்கிப் பிள்ளைபோல் வளர்ப்பவர் இல்லை. கட்டுத்தறியில் அன்றாடம் தண்ணீர் காட்டும் பெண் இல்லை. அலங்காநல்லூரின் பெயரை ஒரு நாளில் உலகறியச் செய்வது இவர்களின் ஓராண்டு உழைப்பே.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் அந்தக் கட்டுத்தறிப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். வெற்றியைப் பறை அறிவிக்கும்; வீட்டிற்குத் திரும்பிய காளையின் காயத்தை எழுத்துதான் அறிவிக்க வேண்டும்.