விடுபட்ட பெயர்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



களுதாவளையில் கல்முனை பஸ் ஏறி, இருக்க இடமில்லாமல் நின்றபடியே வந்து, காலைப் பிரார்த்தனைக்குப் பிந்தி, வாசலில் மறிபட்ட பிள்ளைகளில் ஒருத்தி நான். முதுமாணிப் படிப்பில் ஆய்வுமுறையை எப்படிக் கற்றேன் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முன்வரிசையில் உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் பெருமைகளை விட்டு, நான் விட்ட பிழையையே சொல்கிறேன்.

"கணக்கீட்டில என்ன ஆராய்ச்சி மகள்? ஐந்தொகை ரெண்டு பக்கமும் சமப்பட்டா வேலை முடிஞ்சுதானே" என்று என் மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். ஐந்தொகை ஒரு கம்பனியின் கதை. நூறு கம்பனிகளின் கணக்குகளை அடுக்கிவைத்து, கடன் கூடினால் இலாபம் குறைகிறதா, இலாபம் அறிவித்தால் பங்கு விலை அசைகிறதா என்று தரவைக்கொண்டு சோதிப்பது வேறு வேலை. 1968 இல் ரே போல், பிலிப் பிறவுண் என்ற இரண்டு அவுஸ்திரேலியர்கள் அமெரிக்கக் கம்பனிகளின் இலாபத்தையும் பங்கு விலைகளையும் பொருத்திப் பார்த்தார்கள். ஆண்டறிக்கை வெளிவருமுன்பே அதிலுள்ள செய்தியின் பெரும்பகுதியைச் சந்தை அறிந்துவிடுகிறது என்று கண்டார்கள். எது சரியான கணக்கீட்டு முறை என்றே பெரிதும் வாதாடிக்கொண்டிருந்த துறை, அதன்பின் தரவு தேடப் புறப்பட்டது. அந்தக் கட்டுரையை முதன்முதலில் வாசித்தபோது நான் அட்டவணைகளை மட்டும் பார்த்தேன். தங்கள் மாதிரியில் இளங்கம்பனிகள் இல்லை, நொடித்துப்போன கம்பனிகள் இல்லை என்று அவர்களே எழுதியிருந்த இடத்தைக் கடந்து போய்விட்டேன்.

என் ஆய்வேட்டுக்கு, கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் கடனுக்கும் இலாபத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்தேன். பத்து வருட ஆண்டறிக்கைகளும் முழுமையாகக் கிடைத்த கம்பனிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவற்றை எக்செல்லில் ஒரு வரிசை ஒரு வரிசையாக அழித்தேன். துப்புரவான தரவு என்று எனக்குப் பெருமை. கடன் கூடிய கம்பனிகள் கூடுதலாக உழைக்கின்றன என்று விடை வந்தது, 5 வீதப் பொருளுண்மை மட்டத்தில். அன்றிரவு எனக்கு நித்திரையில்லை.

மேற்பார்வை செய்த மெடம் அட்டவணையைப் பார்த்தார். முதற்கேள்வி: "இந்தப் பத்து வருடத்துக்குள் பட்டியலை விட்டுப் போன கம்பனிகள் எங்கே?"

கடன் பட்டு விழுந்தவற்றை என் விதியே வெளியே தள்ளியிருந்தது. கடன் பட்டும் பிழைத்தவை மட்டும் மிஞ்சியிருந்தன. மிஞ்சியவற்றைக் கேட்டால் கடன் நல்லது என்றுதானே சொல்லும்? எட்வேட் அல்ட்மன், அதே 1968 இல், கம்பனி முறிவை முன்கூட்டியே அறியும் சூத்திரத்தைத் தேடியபோது, முறிந்த கம்பனிகள் 33, முறியாதவை 33 என்று தேடி எடுத்து அருகருகே வைத்தார். நானோ முறிந்தவற்றை அழித்துவிட்டு முறிவைப் பற்றி எழுதப் போனேன்.

திரும்பத் தொடங்கினேன். போன கம்பனிகளின் பழைய அறிக்கைகளை நூலகங்களில் தேடி, கையால் பதிந்தேன். ஏழு மாதம். அதற்குள் இன்னொரு வில்லங்கம்: 2012 தொடக்கம் புதிய கணக்கீட்டு நியமங்கள் வந்ததால் முன்னைய இலக்கங்களையும் பின்னையவற்றையும் அப்படியே ஒப்பிட முடியாது. எல்லாம் சரிசெய்து ஓட்டியபோது என் அருமையான விடை கரைந்துபோனது. தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியவில்லை என்றே எழுதிக் கொடுத்தேன். சித்தியடைந்தேன், ஆனால் எவரும் கைதட்டவில்லை.

அந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்து அம்மாவின் சீ.ஆர். கொப்பியை எடுத்தேன். எங்கள் ஊரின் பெயரே வெற்றிலையோடு சேர்ந்துதான் வெளியூரில் அறியப்படும். எங்கள் தோட்டத்து வெற்றிலை விற்ற காசும், கூலியும், பசளையும் அதில் அம்மாவின் கையெழுத்தில் இருந்தன. மாதச் சராசரி எடுத்தேன். நல்ல வருமானம். பிறகுதான் கவனித்தேன், வெள்ளம் வந்த 2011 ஜனவரி வெறுந்தாள். கொடி நோய்ப்பட்ட மாதங்களும் வெறுந்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "ஒண்டும் வராத மாசத்தில என்னத்தை எழுதுற மகள்?" என்றார். செலவு மட்டும் அந்த மாதங்களிலும் இருந்திருக்கும், அதுவும் எழுதப்படவில்லை.

அதன்பின் நுண்கடன் பற்றிய ஒரு கணக்கெடுப்பில் வேலை செய்தேன். வினாக்கொத்தோடு போவோம். கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டை எடுக்கும்படி அறிவுறுத்தல். ஒரு நாளில் மூன்று பூட்டிய வீடுகள். மூன்றாவது வீட்டுக்கு அயலில் இருந்த பெரியம்மா சொன்னார்: "அவ குவைத்துக்குப் போயிற்றா புள்ள. கிழமைக்குக் கிழமை காசுக்கு வந்து நிண்டா என்ன செய்யிற? புள்ளையள் அம்மம்மாவோட." அறிவுறுத்தலின்படி அடுத்த வீட்டில் கேட்டோம். அங்கே கடன் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஒரு கடனைக் கட்ட வேறெந்தக் கடன் எடுக்கப்பட்டது என்பது கடன் கொடுத்தவரின் புத்தகத்தில் இராது. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அறிவிப்பு வருமுன்பே ஊரைவிட்டுப் போனவளை எந்த வினாக்கொத்தும் எண்ணவில்லை. அன்று முதல் நான் பூட்டிய வீடுகளுக்கு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். யார் இருந்தார், எப்போது போனார், ஏன் என்று அயலில் கேட்டு எழுதுவேன். இதனால் கணக்கெடுப்பு இருமடங்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

இனி எங்கள் சங்கத்துக்கு வருகிறேன். பழைய மாணவியர் என்ன ஆனார்கள் என்று இந்த மலருக்காக ஒரு படிவம் அனுப்பினீர்கள். நானும் நிரப்பினேன். வைத்தியர், பொறியியலாளர், அதிபர் என்று பதில்கள் வந்திருப்பதாகச் செயலாளர் மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் படிவம் அங்கத்தவர் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தானே போனது? என் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் சாதாரணதரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை நிறுத்தினாள். என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய விலாசம் பட்டியலில் இல்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பாதவர்களும், 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்களும் அதில் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அலுவலக அலுமாரியில் சேர்வு இடாப்புகள் இருக்கின்றன. அங்கத்தவர் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த இடாப்பிலிருந்து பெயர்களை எழுதத் தொடங்குவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெரிந்ததை எழுதுவோம். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவோம். உயர்தரப் பிள்ளைகள் இருவர் உதவிக்கு வந்தால், சித்திரை விடுமுறையில் நான் வந்து இருப்பேன். என் வகுப்பின் இடாப்பை மட்டும் முதலில் எனக்குத் தாருங்கள்.