ஆர்டர் வேறு, பணம் வேறு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெங்களூரில் நான் செய்வது கணக்கு ஒப்பிடும் மென்பொருள் வேலை. அதைப் பற்றியே நாலு வார்த்தை.

நல்லம்பள்ளியில் ஒருவர் சாமையும் புளியும் இணையக் கடையில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் போனில், "அண்ணே, 740 ரூபா கழிஞ்சிடுச்சு. ஆர்டர்ல பணம் வரலைன்னு காட்டுதே!" என்கிறார். என்ன பதில் சொல்வது? பரிவர்த்தனைப் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஓர் ஆர்டருக்குள் பல பரிவர்த்தனைகள் இருக்கலாம். முதல் முயற்சி தோல்வி, அடுத்தது வெற்றி, பிறகு பாதித் தொகை திருப்பம். ஷாப்பிஃபை போன்ற கடை மென்பொருள்கள் ஏ.பி.ஐ. என்ற வாசல் வழியாக இவற்றைத் தனித்தனிப் பதிவாகத் தருகின்றன. நம் புரோகிராம் ஆர்டர் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் வகை, நிலை, தொகை, நேரம் எல்லாம் வரும். கார்டில் 'அனுமதி' மட்டும் இருந்தால் பணம் இன்னும் வசூலாகவில்லை என்று பொருள்.

தம்பிகளே, மூன்றைக் கவனிக்கணும். ஒன்று, ரேசர்பே தொகையைப் பைசாவில் தரும். 74000 என்றால் 740 ரூபாய். இரண்டு, எல்லாப் பதிவும் ஒரே தடவையில் வராது. எண்ணிக்கை சொல்லாவிட்டால் அங்கே 10, கேட்டாலும் 100தான். மீதியை அடுத்தடுத்துக் கேட்டு வாங்கணும். மூன்று, நேரம் உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். விடியற்காலை 2 மணிக்கு வந்த பணம் முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும்? யு.பி.ஐ.யில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. பதிவைப் பாராமல் கடைக்காரரும் தன் கையிலிருந்து திருப்பினால் ஒரே பணம் இரண்டு தடவை போகும். "மறுபடி கட்டுங்க" என்றாலோ, வந்து சேர்ந்த பணத்துக்கே வாங்கியவர் இன்னொரு தடவை கட்ட நேரும். சின்னக் கடைக்கு 740 ரூபாய் ஒரு நாள் லாபம். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி.

ஆகவே, திரையில் தெரியும் ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.