ஊர் போடும் கூத்தும் சகஸ்ரநாமம் போட்ட நாடகமும்



பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் கூத்துக்குத் தயாரிப்பாளர் யார் என்று கேட்டால், ஊர்தான். அம்மன் திருவிழா வந்தால் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டு வரி விதிக்கிறார்கள். வசூலாகும் பணத்தில் பந்தல், மேளம், வாணவேடிக்கை, அதோடு கூத்தோ பாட்டுக் கச்சேரியோ. எந்தக் கூத்து ஜமாவை அழைப்பது, எந்தக் கதையைக் கேட்பது என்பதெல்லாம் அந்தக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை வளைப்பது என்பதைப் 'பாடு' முறையில் பங்கிட்டுக்கொண்டவர்கள், கலைக்கான செலவையும் பங்கிட்டுக்கொண்டார்கள். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

நாடகத்தையே தொழிலாக எடுத்தவருக்கு இந்த ஆதரவு கிடையாது. எஸ். வி. சகஸ்ரநாமத்தை நான் மிக உயர்வாக மதிப்பதற்குக் காரணம் அதுதான். 'பராசக்தி' படத்தில் மூத்த அண்ணனாக வந்தவர் என்றால் பலருக்கும் நினைவு வரும். கோவை சிங்காநல்லூர்க்காரர். சிறு வயதிலேயே டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என். எஸ். கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது, அவருடைய நாடக சபை கலைந்துவிடாமல் நடத்திக் காட்டினார். அப்போது மேடையேறிய 'பைத்தியக்காரன்' 1947இல் படமாகவும் வந்தது. முதலாளி சிறையில் இருக்க, குழுவை நம்பிப் பல குடும்பங்கள் இருக்க, அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்ட நாட்கள்தாம் ஒரு நடிகரைத் தயாரிப்பாளராக்கின என்று நினைக்கிறேன்.

பிறகு 1950களின் தொடக்கத்தில் சென்னையில் 'சேவா ஸ்டேஜ்' தொடங்கினார். இங்கேதான் அவருடைய தனிப் பெருமை இருக்கிறது. மேடையில் ஏற்கெனவே ஓடிய கதையைத் தேடாமல், எழுத்தாளர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். பி. எஸ். ராமையா 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' எழுதினார். தி. ஜானகிராமன் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' எழுதினார். பாரதியின் 'பாஞ்சாலி சபத'மும் மேடைக்கு வந்தது. 'மணிக்கொடி' இதழ்க் காலத்துச் சிறுகதைக்காரரான ராமையாவை நாடகாசிரியராக நிலைநிறுத்தியது ஒரு தயாரிப்பாளரின் விடாப்பிடி. முத்துராமன் போன்ற நடிகர்களும் அந்த மேடையில் தேர்ந்தவர்கள்தாம்.

சினிமாவில் நடித்துச் சம்பாதித்ததை அவர் நாடகத்துக்குச் செலவிட்டார். 'நாலு வேலி நிலம்' நாடகத்தை 1959இல் தாமே படமாகத் தயாரித்தார். இயக்கியவர் முக்தா சீனிவாசன். படம் ஓடவில்லை. 'போலீஸ்காரன் மகள்' ஸ்ரீதர் இயக்கத்தில் 1962இல் வந்து நன்றாகப் பேசப்பட்டது. அதில் போலீஸ்காரராக நடித்தவர் சகஸ்ரநாமமே. லாபக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் 'நாலு வேலி நிலம்' தோல்வி. ஜானகிராமனின் தஞ்சாவூர் மண்ணைத் திரைக்குக் கொண்டுவரத் தம் கைப்பணத்தைப் போட்டவர் என்று பார்த்தால், அந்தத் தோல்வியை நான் வெற்றிகளுக்கு மேலாகவே வைப்பேன்.

ராமையாவின் 'தேரோட்டி மகன்' கர்ணன் கதை. ஏரிக்கரை நேயர்களுக்குக் கர்ணனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 'கர்ண மோட்சம்' கூத்தில் அவன் சாகும் கட்டத்துக்காக விடியற்காலை வரை கண்விழித்துக் காத்திருக்கும் சனம் இது. அதே கர்ணனை அரங்குக்குள் இரண்டு மூன்று மணி நேரத்தில் பேசவைக்க ஒருவர் எழுத்தாளரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

குப்பங்களிடம் எனக்கு இருக்கும் ஆதங்கமும் இதுதான். வரி வசூலிக்கத் தெரிந்த ஊருக்குப் புதுக் கதை கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. முகத்துவாரம் மணல் மூடிப் படகு கடலுக்குப் போக முடியாத நாட்கள், ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவை விட்டுவந்த குடும்பங்கள், 2004 சுனாமி, பாடு கிடைக்காதவர்களின் மனத்தாங்கல் என்று எவ்வளவோ கிடக்கிறது. இவை கூத்துக்கு ஆகாதவை என்று யார் சொன்னது? வருகிற திருவிழாவுக்குக் கூத்து வாத்தியாரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, முகத்துவாரத்தைப் பற்றி ஒரு கதை கட்டச் சொல்லுங்கள். பாட்டு எழுத ஒரு மாதம் அவகாசம் கேட்பார், கொடுங்கள்.