வெள்ளை வேர் நோயும் சிவப்பு வேர் நோயும்

இலை வாடிய பால்மரத்தைக் கண்டால் வெயிலின் கொடுமை என்று எண்ணிக் கடந்து செல்கிறோம். மண்ணுக்குள் அம்மரத்தின் வேரைக் காளான் அழித்துக்கொண்டிருக்கக்கூடும். மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் இவ்வாறு கேடு விளைவிப்பனவற்றுள் இரண்டைப் பற்றி இன்று பேசுவோம். ஒன்று வெள்ளை வேர்க் காளான். மற்றொன்று சிவப்பு வேர்க் காளான். அறிவியலார் முன்னதை ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்றும், பின்னதைக் கானோடெர்மா பிலிப்பியை என்றும் வழங்குவர்.

மேலே பார்த்தால் இரண்டின் அடையாளமும் ஒன்றே. இலையின் பசுமை மங்கும். பின்னர் மஞ்சளாகி உதிரும். பருவமல்லாத காலத்தில் மரம் பூப்பதும் உண்டு. ஆகவே, எந்நோய் என்பதை அறிய வேரடி மண்ணை அகற்றிப் பார்த்தல் வேண்டும்.

வெள்ளைக் காளான் வேரின்மேல் வெண்ணிற நூல்களாக இறுக ஒட்டிப் படர்ந்திருக்கும், கண்டவுடன் இனங்காணலாம். சிவப்புக் காளானோ மண்ணைப் போர்த்துக்கொண்டு மறைந்திருக்கும். வேரைத் தண்ணீரில் கழுவினால்தான் அதன் செந்நிறத் தோல் வெளிப்படும். கழுவாமல் பார்த்து, நோயில்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

வெள்ளைக் காளான் விரைந்து பரவி இளமரங்களை மாய்க்கும். சிவப்புக் காளான் மெல்லப் பரவும். பெரும்பாலும் வளர்ந்த மரங்களிலேயே அதன் சேதம் தெரியவரும்.

இயல்பில் வேறுபட்டாலும் இரண்டிற்கும் உறைவிடம் ஒன்றே. முன்பு வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளிலும் புதைந்த வேர்களிலும் இவை உயிர் வாழ்கின்றன. புதுமரத்தின் வேர் அவற்றைத் தொடும்போது நோய் தொற்றுகிறது. ஆதலால் மறுநடவுக்கு முன் கட்டைகளை அகற்றுதல் இன்றியமையாதது. பயறுவகை மூடுகொடிகளும் வீணல்ல; மண்ணில் எஞ்சிய பழைய வேர்கள் விரைவில் மக்குவதற்கு அவை துணைபுரிகின்றன.

இலை முற்றும் மஞ்சளான பின் மரத்தைக் காப்பது அரிது. தொடக்கத்திலேயே கண்டால் காளான்கொல்லி மருந்தை வேரடியில் ஊற்றிக் காக்க இயலும். நாள்தோறும் நிரையில் நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளரின் கண்ணுக்கே அது முதலில் புலப்படும். ஐயமுள்ள மரத்தை அன்றே கங்காணியாரிடம் காட்டுங்கள். பால் வெட்டும் பருவத்தை அடைய ஒரு மரத்திற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அது வீழ்ந்தால் நிரையில் ஓரிடம் வெறுமையாகும். அடுத்த மரத்திற்கும் நோய் செல்லும். நம் வருவாயும் குறையும். மரத்தைக் காப்போம், நம் வாழ்வையும் காப்போம்.