உறுதியைப் பார், பிறகு பணம் கொடு!

(யாழ்ப்பாணத்து இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடல் கடந்து உழைத்து மீளும் இளைஞன் முதலில் நாடுவது ஒரு துண்டுக் காணி. விற்பவர் உறுதியைக் காட்டுகிறார், முற்பணம் கைமாறுகிறது. அன்றே வழக்கும் பிறக்கிறது! என்னிடம் வருவோர் பலர் காலங்கடந்தே வருகின்றனர்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேறல் வேண்டும். ஆனால் நொத்தாரிசின் கையொப்பம் கைமாற்றத்துக்குச் சாட்சியேயன்றி, விற்பவரின் உரிமைக்குப் பிணையன்று.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: காணிப் பதிவேடு என்ன சொல்கிறது? பதியப்பட்ட ஈடும் முந்திய விற்பனையும் அங்கே தெரியவரும். வாங்கியதும் உங்கள் உறுதியையும் உடனே பதியுங்கள். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால், வஞ்சனையின்றி முந்திப் பதிந்தவரே வெல்வார்.

இரண்டு: காணியில் இருப்பவர் யார்? உரியவருக்கு எதிராகப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டவர், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை கோரலாம்.

மூன்று: பங்காளர் உளரோ? தேசவழமைக்குட்பட்ட பிரியாத பங்கை விற்குமுன், பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் கொடுக்குமாறு 1947ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. அது தவறினால், அவர்கள் வழக்காடி அப்பங்கைத் தாமே கொள்ளலாம்.

தேடுதற் செலவு சிறிது. வழக்குச் செலவு பெரிது. முற்பணம் கொடுக்குமுன் பதிவகத்தின் படியேறுங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய பொருள் நீதிமன்ற வாசலிலே கரையலாகாது!